ஒன்பதாம் கிண்ணம்

நாஷி தோத்துப் போகணும்னு நான் வேண்டாத நாள் கிடையாது. இதுல மூடி மறைக்க என்ன இருக்கு? அவ என் ஓரகத்தி, என் புருஷனோட அண்ணன் பொண்டாட்டி. அண்ணன்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. அதுல கடைசி நாலு வருஷம் நானும் அவளும் பேசினதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் நின்னு திட்டிக்கிட்டதுதான்.

எல்லாம் பதினோரு மரத்துக்காக. எங்க மாங்பே ஊர்ல பழைய டீ மரம் இல்லாத வீடு இல்ல. ஆனா எங்க மாமனார் விட்டுட்டுப் போன அந்தப் பதினொண்ணு மாதிரி இந்த மலையிலயே கிடையாது. ஏணி போட்டு ஏறித்தான் பறிக்கணும். முதல் வாய் குடிச்சா முகம் சுளிக்கிற கசப்பு. எச்சில் முழுங்கறதுக்குள்ள அந்தக் கசப்பு தொண்டையில இனிப்பாத் திரும்பும். அரை நாள் போகாது. மனுஷன் நாலு வருஷம் முன்னால, எந்த மருமகளுக்குன்னு சொல்லாமலே கண்ணை மூடிட்டார். ஊர்த் தலைவர் ஜாலுவா பஞ்சாயத்துப் பண்ணி, ஒரு வருஷம் அவளுக்கு, ஒரு வருஷம் எனக்குன்னு முறை வெச்சார். புது வருஷப் பண்டிகையோட முறை மாறும்.

போன வருஷம் என் முறை. வசந்தத்துல பறிச்சேன், மழையில பறிச்சேன், மழை விட்டதும் மறுபடி பறிச்சேன். மரம் மூச்சு விடட்டும்னு உச்சிக் கொம்புல கொஞ்சம் இலை விட்டு வைக்கறது ஊர் வழக்கம். நான் விடலை. அடுத்த வருஷம் அவதானே பறிக்கப் போறா, அவளுக்கு எதுக்கு நான் மிச்சம் வைக்கணும்?

இந்த வருஷம் வசந்தப் பறிப்பு முடிஞ்சதும் வழக்கம் போல ஊர்ப் பொதுக்கூடத்துல டீப் போட்டி. பதினாலு வீட்டு டீ, பதினாலு கிண்ணம். கிண்ணத்துல எண் மட்டும்தான். யாரு வீட்டுதுங்கறது தலைவர் பையில மடிச்ச சீட்டுல இருக்கும். நடுவருங்க மூணு பேர்: தலைவர், தூரத்துக் குவாங்தோங்ல இருந்து வருஷா வருஷம் வாங்க வர்ற டீ வியாபாரி லியாங், அப்புறம் நான். நடுவர் வீட்டு டீயைப் போட்டியில வைக்கக் கூடாது, அதனால என் வீட்டு டீ இல்ல. பன்னெண்டு வருஷமா நான்தான் அந்த நாற்காலியில உக்கார்றேன். எந்தச் சரிவுல நின்ன மரம், எந்த விறகுல வறுத்த சட்டி, எல்லாம் சொல்லிடுவேன். என் பேரைச் சொல்லி, லியாங் வாய்ல இருந்தே "நாதுவோ அம்மா சொன்னாச் சரிதான்"னு வரும். அதைக் கேக்கறப்போ எனக்குத் தலைகால் புரியாது.

எட்டு கிண்ணம் முடிஞ்சுது. நல்லா இருந்தா முழுங்குவோம், சுமாரா இருந்தா எச்சில் தொட்டியில துப்பிடுவோம். ஒன்பதாம் கிண்ணத்து மூடியைத் திறந்து மோந்தேன். வாசனை மூக்குக்கு வர்றதுக்குள்ளயே ஓடிப் போச்சு. ஒரு வாய் உறிஞ்சி நாக்கு முழுக்கப் பரப்பினேன். வெறும் தண்ணி மாதிரி ஒரு வழவழப்பு, நாக்கோட ரெண்டு ஓரத்துலயும் ஒரு கசப்பு. அது அங்கேயே உக்காந்துக்கிச்சு. உள்ளே போகவும் இல்ல, திரும்பவும் இல்ல. காத்திருந்தேன். ஒண்ணும் வரலை. துப்பினேன்.

ஊறின இலையைத் தட்டுல கொட்டி விரிச்சேன். தண்டு நீட்டு நீட்டா இருந்துச்சு, இலைக்கும் இலைக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி. விரலால அழுத்தினா நசுங்கிப் போச்சு. பழைய மரத்து இலை ரப்பர் மாதிரி இழுபடும். இது கீழே பள்ளத்தாக்குல வரிசை வரிசையா நட்டு, உரம் கொட்டி வளர்க்கிற செடியோட இலையேதான்.

எங்க ஊர்ல இதைவிடப் பெரிய குத்தம் கிடையாது. வெளி இலை ஊருக்குள்ள வரக் கூடாதுன்னு பறிப்புக் காலத்துல வாசல்ல கட்டை போட்டு வண்டியைச் சோதிக்கிற ஊர் இது. உரமும் தொடக் கூடாது. ஊர் முத்திரை இல்லாத டீயை எந்த வியாபாரியும் வாங்க மாட்டான்.

"தலைவரே, எழுதிக்குங்க,"ன்னேன். கூடம் முழுக்கக் கேக்கற மாதிரி. "இது நம்ம மலை இலையே இல்ல. வரிசைத் தோட்டத்து இலை. யூரியா தின்ன இலை. கிலோ அறுபது யுவானுக்கு மேல பெறாது."

லியாங்கும் குடிச்சுப் பாத்துட்டுத் துப்பினார். "அம்மா சொல்றது சரி. இதை நான் வாங்க மாட்டேன்."

தலைவர் முகம் கறுத்துப் போச்சு. பதினாலும் முடியட்டும்னு கூடக் காத்திருக்காம ஒன்பதாம் சீட்டைப் பிரிச்சார்.

"நாஷி,"ன்னார்.

என் வயிறு குளுந்து போச்சுங்க. வேற எப்படிச் சொல்றது? நாலு வருஷத்து வயித்தெரிச்சல் ஒரே வார்த்தையில அடங்கிச்சு. நாஷி பின் வரிசையில கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. அழுவான்னு பாத்தேன். அழலை.

"திருட்டு முண்டம்!"னு எழுந்து நின்னேன். "பெரிய மனுஷன் மரத்தைக் கையில வெச்சுக்கிட்டு, பள்ளத்தாக்குல போய் மூட்டை வாங்கிக் கலந்திருக்கியே, வெக்கமா இல்ல? தலைவரே, எழுதிக்குங்க. உரம் போட்டாலும் சரி, வெளி இலை கலந்தாலும் சரி, மூணு வருஷத்துக்கு அந்த வீட்டு டீக்கு ஊர் முத்திரை கிடையாது. முத்திரை இல்லாத வீட்டுக்கு அந்தப் பதினோரு மரத்துல பங்கும் கிடையாது. இதுக்கு யாராவது மறுப்புச் சொல்றீங்களா?"

தலைவர் எழுதினார். என் புருஷன் ஜாமூ மட்டும் கதவோரம் நின்னு தரையைப் பாத்துக்கிட்டிருந்தார். அந்த மனுஷன் எப்பவுமே அப்படித்தான்னு விட்டுட்டேன்.

நாஷி மெதுவா எழுந்து வந்தா. "முடிச்சிட்டியாடி? எல்லாம் எழுதியாச்சா? ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க தலைவரே."

அவர் படிச்சார். உரம் போட்டாலும் சரி, வெளி இலை கலந்தாலும் சரி, மூணு வருஷம் முத்திரை இல்ல, மரத்துல பங்கு இல்ல.

"நல்லது,"ன்னா நாஷி. "அந்த டீ பதினோரு மரத்துல பறிச்சது. வேற ஒரு இலை கலக்கலை."

"பொய்! அந்த மரத்தை எனக்குத் தெரியாதா? என் நாக்குக்குத் தெரியாதா?"

"உன் நாக்குக்குத் தெரியும்னுதான்டி வெச்சேன். மரத்துல இன்னும் கொஞ்சம் கொழுந்து மிச்சம் விட்டிருக்கேன். எல்லாரும் வாங்க. உங்க கண்ணு முன்னால பறிக்கிறேன். தலைவர் வீட்டுச் சட்டியில வறுக்கட்டும், தலைவர் வீட்டு முத்தத்துல காயட்டும். அப்புறம் இவளே குடிச்சுச் சொல்லட்டும்."

ஊரே கிளம்பிடுச்சு. நான்தான் முன்னால போனேன். இவ இன்னிக்கோட ஒழிஞ்சான்னு நினைச்சுக்கிட்டுப் போனேன். மேட்டுல ஏறினதும் முதல் மரம் தெரிஞ்சுது. புது வருஷத்துக்கு அப்புறம் நான் அந்தப் பக்கமே போகலை, அவ முறையில அவ மரத்தைப் பாக்கற அளவுக்கு எனக்குப் பொறுமை ஏது? பாத்தேன். கொழுந்தெல்லாம் வெளிறின பச்சையில நீட்டு நீட்டாத் தொங்குது. உச்சிக் கொம்பு ரெண்டு காஞ்சு நிக்குது. வசந்தத்துல அந்த மரத்துக் கொழுந்து கட்டையா, கறுத்த பச்சையாத்தான் இருக்கும்.

என் காலு அங்கேயே நின்னுடுச்சு. தட்டுல விரிச்சுப் பாத்தேனே, அதே தண்டு. ஒரு விரல் இடைவெளி.

"எதுக்கு இதெல்லாம்?"னேன் தலைவர்கிட்ட. குரல் எனக்கே சகிக்கலை. "தீர்ப்புதான் சொல்லியாச்சே. வேலை மெனக்கெட்டு..."

"நீதானம்மா தீர்ப்புக் கேட்டே? முழுசா முடிச்சிடுவோம்,"னார் அவர்.

நாஷி ஏணியில ஏறினா. ஏறினவ திரும்பி என்னைப் பாத்தா. அவளுக்குத் தெரிஞ்சு போச்சு, எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு. கூடைக்குள்ள இலை போட ஆரம்பிச்சா.

அன்னிக்குச் சாயங்காலம் தலைவர் வீட்டுச் சட்டியில வறுத்தாங்க, கையால கசக்கி உருட்டினாங்க. மறுநாள் முழுக்க முத்தத்துல காஞ்சுது. அந்த ஒரு நாளும் நான் சோறு தின்னலை. ஜாமூவைப் பிடிச்சு உலுக்கினேன். "நீ வாயைத் திறந்தே, அப்புறம் பாரு!"ன்னேன். அவர் வேலியைச் சரிபண்ணப் போயிட்டார்.

மூணாம் நாள் காலையில மறுபடி கூடம். ரெண்டே கிண்ணம். ஒண்ணு அந்த ஒன்பதாம் எண், இன்னொண்ணு ஊரே பாத்துப் பறிச்சது. மூடியைத் திறந்தேன். ரெண்டும் ஒரே தரித்திரம். புதுசுல கொஞ்சம் பச்சை வாசம் கூட, அவ்வளவுதான். பொய் சொல்லலாமான்னு ஒரு நிமிஷம் பாத்தேன். ஆனா பக்கத்துல லியாங் குடிச்சுட்டு முகத்தை என் பக்கம் திருப்பிட்டார். பன்னெண்டு வருஷத்துல முதல் தடவையா "அம்மா சொல்லட்டும்"னு காத்திருக்காம அவரே சொன்னார்: "ரெண்டும் ஒரே மரம்தான்."

கூடத்துல சலசலப்பு. நான் விட்டேனா? "அப்படின்னா இவதான் யூரியா போட்டிருக்கா! இவ முறை தானே இப்போ! மாமனார் மரத்தைக் கொன்னுட்டா பாவி!"ன்னு கத்தினேன்.

"நானா?"ன்னா நாஷி. முதல் தடவையா அவ குரல் உசந்துச்சு, கோபத்துல. "புது வருஷத்துல மரம் என் கைக்கு வந்தப்பவே மொட்டையா நின்னுச்சு. முதல் கொழுந்தை வறுத்துக் குடிச்சுப் பாத்துட்டு உக்காந்து அழுதேன்டி. மாமா காய்ச்சல்ல கிடந்தப்போ கூட இந்த டீயைத்தான் கேட்டார். என்ன ஆச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும். நான் சொல்லியிருந்தா ஊரு நம்புமா? ஓரகத்தி மேல பொறாமைன்னு சொல்லியிருக்கும். இது உன் வாயில இருந்தே வரணும்னுதான் கிண்ணத்துல வெச்சேன். யூரியான்னு யாருடி சொன்னது? நீதானே சொன்னே?"

"சாட்சி இருக்கா? யாராவது பாத்தீங்களா?"ன்னு கேட்டேன். பாத்தவங்க யாரும் வாயைத் திறக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்.

"நான் பாத்தேன்,"னு கதவோரத்துல இருந்து ஒரு குரல்.

ஜாமூ. கல்யாணம் ஆன இருபத்தி மூணு வருஷத்துல அந்த மனுஷன் கூட்டத்துல பேசி நான் கேட்டதே இல்ல.

"நான்தான் தூக்கிட்டுப் போனேன், அண்ணி,"ன்னார். என்னைப் பாக்கலை, நாஷியைத்தான் பாத்தார். "மழைக்காலத்துல ரெண்டு மூட்டை. இவ போடச் சொன்னா, போட்டேன். அப்பா மரம்னு தெரிஞ்சும் போட்டேன்."

ஆமா, நான்தான் போடச் சொன்னேன், இன்னும் ரெண்டு பறிப்பு கூட வரும்னு. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், அப்புறம் அவ பாடுன்னு நினைச்சேன். அந்தக் கசப்பு என்ன ஆகும்னு இந்தக் கூடத்துல என்னைவிட நல்லாத் தெரிஞ்சவ யாரு?

தலைவர் அன்னிக்கு எழுதின தாளை எடுத்தார். ஒரு எழுத்து மாத்தாம படிச்சார். உரம் போட்டாலும் சரி, வெளி இலை கலந்தாலும் சரி, மூணு வருஷம் முத்திரை இல்ல, மரத்துல பங்கு இல்ல. நாஷின்னு இருந்த பேரை அடிச்சார். மேல என் பேரை எழுதினார். நடுவர் நாற்காலியைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலை. நானே எழுந்துட்டேன்.

"மூணு வருஷம் நான் அந்த மரத்துல கை வைக்கப் போறதில்ல,"ன்னா நாஷி. "ஒரு கொழுந்து கூடக் கிள்ள மாட்டேன். எழுதிக்குங்க தலைவரே. அது பிழைச்சா எனக்கு, பிழைக்கலைன்னா யாருக்கும் இல்ல."

அப்புறம் ஒன்பதாம் கிண்ணத்துல வெந்நீர் ஊத்தினா. அவசரமே படலை. இலை ஊறட்டும்னு நின்னா, குட்டிக் கோப்பையில வடிச்சா, என்கிட்ட நீட்டினா.

"அன்னிக்குத் துப்பினியே. இப்போ முழுங்கு."

"நாஷி, போதும்மா,"ன்னார் தலைவர்.

"அவ நடுவர்தானே? கடைசியா ஒரு தடவை சொல்லட்டும்."

எத்தனை கண்ணு என் மேல! வாங்கினேன். இதே மரத்து டீயைத்தான் இந்த வீட்டுக்கு மருமகளா வந்த அன்னிக்கு மாமனார் எனக்கு ஊத்திக் கொடுத்தார். நாஷிதான் பக்கத்துல நின்னு, "பொறுத்துக்கோடி, இப்போ இனிக்கும் பாரு"ன்னு சொன்னா. அது எப்படியோ அந்த நேரம் பாத்து ஞாபகம் வந்து தொலைச்சுது. முழுங்கினேன்.

காத்திருந்தேன். பழக்கம், என்ன பண்றது? கண்ணை மூடி, தொண்டையில எதாவது திரும்புதான்னு காத்திருந்தேன். கசப்பு நாக்கோட ரெண்டு ஓரத்துலயும் அப்படியே உக்காந்திருந்துச்சு.

தலைவர் பேனாவைத் திறந்தார். வருஷா வருஷம் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் கேக்கற கேள்விதான்.

"இனிப்பு திரும்புதா?"

"இல்ல,"ன்னேன்.

அதையும் எழுதிக்கிட்டார்.