ஜெரிஷ் பெயரில் ஒரு விளக்கு

பஹ்ரைன் கடற்கரையில் ஜப்பான்காரர்கள் நடத்தும் கோடை வாணவேடிக்கைக்குத் தம்பி மனைவி ரெஷ்மாவையும் கூட்டி வந்தது தவறோ என்று லீமாவுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அழைத்தவள் ஜப்பான்காரி சியேகோ கிழவி. அவளுக்கு வீட்டு நர்ஸாக லீமா வேலை பார்த்தாள்.

ரெஷ்மாவோ சிரித்துக்கொண்டிருந்தாள். கிழவி கொடுத்த பூப்போட்ட பருத்தி அங்கியை உடுத்திக்கொண்டு, சிவப்புப் பாகு ஊற்றிய ஐஸ்தூளைத் தின்றாள்.

"மைனி, எனக்க நாக்கப் பாருங்க. செவந்திருக்கா?"

"பேய் மாதிரி இருக்கு. வாயத் தொடச்சிட்டு வா."

கிறிஸ்துமஸுக்கு முன் இதே கடலில் மீன்பிடிக்கப் போன தம்பி ஜெரிஷ் திரும்பவில்லை. அவன் மூழ்கியதைக் கண்டவன், அதே படகில் போய் நீந்திக் கரைசேர்ந்த நுஃமான். ஆனால் ஜெரிஷ் கடல் எல்லை தாண்டிப் பிடிபட்டு அக்கரை நாட்டு ஜெயிலில் கிடக்கிறான் என்றுதான் லீமா ரெஷ்மாவிடம் சொன்னாள். நுஃமானையும் அப்படியே சொல்ல வைத்தாள். அவர்கள் ஊரில் அப்படிப் போய்த் திரும்பியவர்கள் பலர். ரெஷ்மா நம்பினாள். லீமா உண்மையைச் சொன்னது சியேகோவிடம் மட்டும். அந்நியரிடம் சொல்வது எளிதாக இருந்தது. ரெஷ்மாவுக்கு அது தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

வாணங்கள் எழும்பத் தொடங்கின. கிழவி ஒரு காகித விளக்கை ரெஷ்மாவிடம் நீட்டினாள். அதில் ஆங்கிலத்தில் ஜெரிஷின் பெயர். இறந்தவர்களை ஒளி காட்டி வழியனுப்புவது அவர்கள் வழக்கம். லீமாவுக்கு அது தெரியும்.

"இவுங்களும் நேர்ச்சை வெளக்கு வைப்பாங்களா மைனி!"

லீமா வாய் திறப்பதற்குள் ரெஷ்மா விளக்கை நீரில் விட்டாள். மாதா கோயிலில் போல ஈர மணலில் முட்டுக்குத்தினாள். "மாதாவே, அவர சீக்கிரம் விட்டிரணும்."

சியேகோ அவள் தலையில் கை வைத்தாள். "ஹஸ்பெண்ட்... ஹெவன்," என்றாள் மெல்ல.

ரெஷ்மா திரும்பினாள். "ஹெவன்னா மோட்சம்தானே மைனி?"

கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லிவிடலாம். இத்தனை நாள் சொன்னவற்றோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். வாணம் ஒன்று விரிந்து, உதிர்ந்து, அணைந்தது.

"ஆமா மக்களே," என்றாள் லீமா.

ரெஷ்மா அழவில்லை. எழுந்து, அங்கி நனையக் கடலுக்குள் நடந்தாள். மிதந்து போய்க்கொண்டிருந்த விளக்கை எட்டிப் பிடித்து ஊதி அணைத்தாள்.

"எனக்க மாப்பிளைய அனுப்பி வைக்க இவ யாரு? நீங்க யாரு?"

லீமா இடுப்பளவு நீரில் அவள் பக்கத்தில் போய் நின்றாள். தொடத் துணியவில்லை. கரையில் வாணங்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.