துண்டுக்கடியில் பேசுகிறவர்கள்

"எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க, மொதலாளி."

அம்சவேணி இதைக் கேட்டபோது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கேட்கவே கூடாது என்று அவள் அப்பா சொல்லியிருந்த ஒரே விஷயம் இதுதான். ஆம்பூரில் நிசார் அஹமதுவின் தோல் பதனிடும் டேனரியில் சவ்வு சீவியே மகளைப் பி.ஏ. வரை படிக்க வைத்தவர் ராஜவேலு. அதே டேனரி ஆபீசில் அவளுக்கு வேலை கிடைத்த அன்று சொன்னார்: "லீவு கேளு, அட்வான்சு கேளு, இன்னா வேணா கேளு. ஒக்கார மட்டும் எடம் கேக்காத."

நிசார் அஹமது கெட்டவர் இல்லை. அதனாலேயே 'முடியாது' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மச்சான் குர்ஷித் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாக்கலாம்மா. மொதல்ல சீனாக்காரர் வரட்டும்," என்றார்.

குர்ஷித் சிரித்தான். "நாலு சீன வார்த்த கத்துக்கினா நாற்காலியா? நல்லாருக்கு நியாயம்."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வருஷக்கணக்காக வந்துகொண்டேதான் இருந்தது. இப்போது சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய கை மாதிரி ஆகிவிட்டது, கிள்ளினாலும் தெரியவில்லை.

சீனம் அவளுக்கு வந்த கதை பெரிய கதை இல்லை. டேனரியில் பாலிஷ் வேலை பார்க்கக் கல்கத்தாவிலிருந்து ஒரு சீன மாஸ்டர் வந்தார். அவர் பெண்டாட்டி மெய்லிங் சீனப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இவள் வயசுதான். அவளுக்குக் கத்திரிக்காய் வாங்கத் தமிழ் வேண்டியிருந்தது. இவளுக்கு, பிழை விட்டால் யாரும் சிரிக்காத ஒரு பாஷை வேண்டியிருந்தது. காலேஜில் இவள் வாய் திறந்து இங்கிலீஷ் பேசினாலே பின்வரிசை சிரிக்கும். சீனத்தைக் கேட்டுச் சிரிக்க ஆம்பூரில் எவனுக்குத் தெரியும்?

கற்கக் கற்க அது அந்நியமாக இல்லை. சீனர்களும் பார்த்ததும் 'சாப்டியா' என்பார்கள். இங்கிலீஷ்காரனுக்கு எல்லாரும் அங்கிள்தான். சீனத்தில் பெரியப்பா வேறு, சித்தப்பா வேறு, மாமா வேறு. யார் எங்கே உட்கார்வது என்பது முடிவான பிறகுதான் பேச்சே ஆரம்பம். "எடம் தெரிஞ்சா ஆள் தெரியும்," என்பாள் மெய்லிங், புதிதாகக் கற்ற தமிழில். மாஸ்டரின் வேலை முடிந்து ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர் திரும்புகிறார்கள். "நீயும் வா. எங்க அண்ணன் ஆபீஸ்ல ஆள் வேணும்," என்று கூப்பிட்டிருந்தாள். அம்சவேணிக்குப் போக மனமில்லை. இங்கே ஒரு நாற்காலி கிடைத்தால் இங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தாள்.

அன்று மதியம் ஹாங்காங்கிலிருந்து ஷென் வந்தார். ஷூவுக்குத் தோல் வாங்குகிறவர். குர்ஷித்தும் அவன் ஆட்களும் சூழ்ந்திருக்க, இவள் மொழிபெயர்க்க முதலாளியின் சோபாவுக்குப் பின்னால் நின்றாள். தோலைத் தடவி, மடித்து, முகர்ந்து பார்த்துவிட்டு ஷென் பேசினார். இவள் சொன்னாள்: "தோல் ரொம்ப நல்லாருக்காம். டீ அதவிட நல்லாருக்காம். ஊருக்குப் போயி ஆராய்ஞ்சு பாக்கறேன்றாரு."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் நிசார் அஹமது. குர்ஷித் பிரியாணிக்கு ஆள் அனுப்ப எழுந்தான்.

"வேணான்னு சொல்றாரு, மொதலாளி."

"இன்னாது?"

"ஆராய்ஞ்சு பாக்கறேன்னா வேணாம்னு அர்த்தம். காலைல நீங்க எனக்குப் 'பாக்கலாம்'னு சொன்னீங்களே, அது மாதிரி."

ஷென் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னத மட்டும் சொல்லு," என்றான் குர்ஷித். "அர்த்தம் சொல்ல உன்ன யாரு கேட்டா?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. "சந்தையில பச்சத்தோலு வாங்கறப்ப கைமேல துண்டு போட்டுக்கினு அடியில வெரலப் புடிச்சுத்தான விலை பேசறீங்க, மொதலாளி? நாலு பேரு எதிர்ல ஒருத்தன் மொகம் கெடக்கூடாதுன்னுதான? இவங்க துண்டு இல்லாமயே அதச் செய்யறாங்க. ஏதோ கொற இருக்குது. இத்தினி பேரு எதிர்ல சொன்னா உங்களுக்கு அவமானம்னு நெனைக்கறாரு. ரூம காலி பண்ணுங்க, சொல்லுவாரு."

சந்தையில் விரல் பிடித்தே வளர்ந்த மனுஷர் நிசார் அஹமது. சட்டென்று பிடிபட்டுவிட்டது. "குர்ஷித், நீயே போய் பிரியாணி இன்னாச்சு பாரு. எல்லாரையும் கூட்டிக்கினு போ."

கதவு சாத்தியதும் ஷென் தாழ்ந்த குரலில் பேசினார். போன சரக்கில் ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் நிறம் ஒத்துப்போகவில்லை. அடியில் பூஞ்சை. தரகர் மூலம் சொல்லியனுப்ப மனம் வரவில்லை. முதலில் கொஞ்சமாக அனுப்பினால், சரியாக இருந்தால், மேற்கொண்டு வாங்குவார். நிசார் அஹமது ஒத்துக்கொண்டார். இருவரும் கை குலுக்கினார்கள். அத்தனையும் அவள் வாய் வழியாகவே போய் வந்தது, அவள் நின்றபடியே. கால் வலித்ததா என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

"ஷாபாஷ்," என்றார் நிசார் அஹமது. "பட்டுப் பொடவ எடுத்துக்கோம்மா. நான் தர்றேன்."

"நாற்காலி?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறையில் தமிழ் தெரிந்த வேறு யாரும் இல்லாததால் உள்ளதைச் சொல்ல அவருக்கும் முடிந்தது. "இல்லம்மா. நீ எனக்குச் சமமா ஒக்காந்தா, நாளைக்கு உங்கப்பா வந்து எங்க நிப்பாரு? நான் ஒருத்தன் மட்டுமா இங்க? ஊர் இருக்குது."

என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஷென் மெல்லக் கேட்டார். எதையும் மறைக்காமல் சொல்வதுதான் அவள் வேலை. சீனத்தில் சொன்னாள்: "உட்கார நாற்காலி கேட்டேன். முடியாது என்றார்."

அவ்வளவு நேரடியாக அந்தப் பாஷையில் யாரும் பேசுவதில்லை. ஷென்னின் கழுத்து சிவந்தது. ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு நிசார் அஹமதுவின் பக்கம் திரும்பி, டீ உண்மையிலேயே நன்றாக இருப்பதாக இன்னொரு முறை சொன்னார்.

அதன் அர்த்தமும் அவளுக்குப் புரிந்தது. காப்பாற்ற வேண்டிய முகம் உட்கார்ந்திருப்பவனுடையது.

"இன்னா சொல்றாரு?" என்றார் முதலாளி.

கதவைத் திறந்தாள். வெளியே குர்ஷித்தின் ஆட்கள் பிரியாணி டேக்சாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். "அம்சவேணி, இன்னாம்மா சொன்னாரு?" என்று உள்ளேயிருந்து மறுபடி குரல் வந்தது. அப்பா சவ்வு சீவும் கொட்டகைப் பக்கம் போகாமல் கேட்டைத் தாண்டி, மெய்லிங் வீட்டுக்குப் போகிற தெருவில் திரும்பினாள். கல்கத்தாவுக்கு இன்னொரு டிக்கெட்டும் எடுக்கச் சொல்ல வேண்டும்.