கொப்பரைக்குள் ஈயம்

முதல் சொட்டு விழும்போது மணி ஒன்பது. காளிச்சாமி நாலு மணிக்கே அடுப்பு மூட்டியிருந்தான். வேலிக்காத்தான் விறகு. தீ கொஞ்சம் கூடினாலும் உள்ளே இருக்கும் புளித்த திராட்சைச் சாறு பொங்கிக் குழாயில் ஏறிவிடும். குறைந்தால் ஆவி கிளம்பாது. ஐந்து மணி நேரமாக அவன் கொப்பரையின் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நின்றிருந்தான், ஜுரம் கண்ட பிள்ளையைத் தொடுவது போல.

சொட்டு கண்ணாடியாட்டம் தெளிவாக விழுந்தது. உள்ளங்கையில் ஏந்தித் தேய்த்து முகர்ந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுகின முட்டைக்கோசை ஈரச் சாக்கில் கட்டி வேகவைத்த நாற்றம்.

பக்கத்துத் தொட்டியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த அவன் மனைவி செல்லாத்தாள் முந்தானையை மூக்கில் வைத்தாள்.

"ஏனுங்க, எலி கிலி உளுந்து செத்துப்போச்சா உள்ள?"

"எலி உளுந்தாக்கூட இப்பிடி நாறாது."

"முந்தாநேத்தும் இதே வாசந்தானே?"

"மூணு தடவ வடிச்சாச்சு. மூணும் இதே வாசந்தான்."

"மொதலாளிகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். புதுசுல அப்பிடித்தான் இருக்கும், உனக்கு மூக்குப் பழகலைன்னுபோட்டாரு."

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருபது ஏக்கர் திராட்சைத் தோட்டம். முதலாளி கோவிந்தராஜுலு கோயமுத்தூரில் மோட்டார் பம்பு செய்து முன்னுக்கு வந்தவர். தொண்ணூற்றொன்றில் ஒரு வர்த்தகக் குழுவோடு பிரான்சுக்குப் போனார். பிராந்திக்குப் பேர்போன காக்னாக் என்ற ஊரில் மூன்று நாள் தங்கினார். திரும்பி வரும்போது கழுத்தில் ஒரு கம்பளித் துண்டு இருந்தது. பங்குனி வெயிலிலும் விருந்தாளி வந்தால் அது கழுத்தில் ஏறிவிடும். அந்த ஊரில் சின்னச் சின்னக் குடும்பங்கள் தங்கள் தோட்டத்துத் திராட்சையைத் தாங்களே காய்ச்சி வடித்து, ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் போட்டுவைப்பதைப் பார்த்துவிட்டு, தன் குடும்பமும் அப்படிப்பட்டதுதான் என்று விமானத்திலேயே முடிவு செய்திருந்தார். மூன்று வருடம் மெட்ராசுக்கு நடந்து வாங்கிய லைசென்ஸ், ஆபீசில் திருப்பதி வெங்கடாசலபதிக்கும் முதலாளியின் அப்பா படத்துக்கும் நடுவில் மாலையோடு தொங்கியது. வழவழப்பான விளம்பரப் புத்தகத்தில் 'தலைமுறை தலைமுறையாக' என்று அச்சாகியிருந்தது. முதல் தலைமுறை அவர். இரண்டாவது தலைமுறை கான்வென்டில் ஏழாம் வகுப்பு. செம்புக் கொப்பரை அனுப்பர்பாளையத்தில் அடித்தது; பட்டறைக்காரர் குத்தியிருந்த முத்திரையை மேனேஜர் பங்காரு ஒரு ஞாயிற்றுக்கிழமை அரம் போட்டு ராவி எடுத்துவிட்டான்.

கொப்பரை இரண்டு வருடம் ஒழுங்காகத்தான் வடித்தது. போன மாதம் ஒரு கடிதம் வந்தது. காக்னாக்கிலிருந்து ஒரு நிபுணர் வருகிறார். அவருக்குச் சரக்குப் பிடித்துவிட்டால் அவருடைய கம்பெனி கூட்டுச் சேரும். மெட்ராசிலிருக்கும் பங்குதாரர்கள் மேற்கொண்டு பணம் போடுவார்கள்.

கடிதம் வந்த கையோடு கோவிந்தராஜுலு கொப்பரையின் மூடியைக் கழற்றச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார். கருத்துக் கிடந்தது.

"என்றா காளி, கரிச்சட்டியாட்ட வச்சிருக்கே? ஈயம் பூசு. துரை எட்டிப் பாத்தா அவரு மூஞ்சி தெரியோணும்."

"இத்தன நாளும் பூசாமத்தானுங்க வடிச்சோம்."

"உன்ற ஊட்டுல ஈயம் பூசாத செம்புல மோர் ஊத்தி வெப்பியா?"

"வெக்கமாட்டேனுங்க. களிம்பேறிப் போயிருமுங்க."

"அப்பறம்?"

கோட்டைமேட்டுக் கரீமைக் கூட்டி வருவது அவன் பொறுப்பாயிற்று. கல்யாண மண்டபத்துப் பிரியாணித் தேக்சாக்களுக்கு ஈயம் பூசுகிறவர். முகூர்த்த மாதத்தில் அவரைப் பிடிக்கவே முடியாது. புறப்படும்போது பங்காரு தனியாகக் கூப்பிட்டான்.

"பாய்கிட்டச் சாராயம்னு சொல்லிப்போடாத. கைய வெக்கமாட்டாரு. தைலங் காச்சறதுன்னு சொல்லு."

காளிச்சாமி அப்படியே சொன்னான். கரீம் இரண்டு நாள் கொப்பரைக்குள் இறங்கி உட்கார்ந்து, நவச்சாரம் தூவி, பஞ்சால் ஈயத்தை இழுத்து இழுத்துத் துடைத்தார். வெள்ளைப் புகை வாய்வழியாக வந்துகொண்டே இருந்தது. இருமிக்கொண்டே ஏறி வந்தவர், "காளிண்ணா, இதுல நீங்க கொழந்தைக்குப் பாலே காச்சலாம்" என்றார். மீதிக் கூலி துரை வந்து பார்த்த பிறகு என்றான் பங்காரு.

துரை வியாழக்கிழமை வந்தார். வாசலில் வாழை மரம் கட்டி, நாதஸ்வரக்காரர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அறுபது வயதிருக்கும். முழங்கை வரை தீப்பட்ட தழும்பு. பட்டு விரித்த நாற்காலியைப் பார்க்காமல் நேராக வடிக்கும் கொட்டகைக்கு நடந்தார். சொட்டைக் கையில் ஏந்தி, தேய்த்து, முகர்ந்து, காளிச்சாமி செய்தது போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே டார்ச் அடித்தார். முதலாளி ஆசைப்பட்டபடி அவர் மூஞ்சி பளிச்சென்று தெரிந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆங்கிலத்தில் மெதுவாக விளக்கினார். செம்பு வெறும் பாத்திரமில்லை. சாற்றிலிருக்கும் கெட்ட வாசத்தைச் செம்புதான் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் கருக்கும். அதை ஈயத்தால் மூடிவிட்டால் நாற்றமெல்லாம் சரக்கோடு இறங்கிவிடும். கோவிந்தராஜுலு, எல்லாம் தெரிந்ததுதான் என்பது போலத் தலையாட்டினார்.

"யார் செய்தது?" என்று துரை கேட்டார். கேட்கும்போது காளிச்சாமியைப் பார்த்தார். வார்த்தை விளங்காவிட்டாலும் காளிச்சாமிக்குக் கேள்வி விளங்கியது. அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி கிழக்கே, டவுன் இருக்கும் திசையில் கையைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். காளிச்சாமி குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினான். தள்ள வேண்டிய நேரமில்லை.

ஈயம் முழுவதையும் சுரண்டி எடுங்கள், கொச்சிக்குப் போய்விட்டுப் பதினைந்து நாளில் வருகிறேன், மறுபடி வடித்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுத் துரை கிளம்பினார். நாதஸ்வரக்காரர்கள் நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே மெட்ராசிலிருந்து போன். யார் சொல்லி ஈயம் பூசினார்கள் என்று பங்குதாரர்கள் எழுத்தில் பதில் கேட்டார்கள். பங்காரு ஒரு தாளில் டைப் அடித்து வைத்துக்கொண்டு காளிச்சாமியைக் கூப்பிட்டான்.

"பாய் அவராவே பூசிபோட்டாருன்னு எழுதியிருக்குது. சாட்சிக்கு நீ ஒரு கையெழுத்துப் போடு."

"மொதலாளி சொல்லித்தானுங்களே..."

"காளி, கையெழுத்துப் போட்டீன்னா நீ குடியிருக்கற தோட்டத்து லைன் ஊடு உனக்கு இருக்குது. போடலீன்னா லைன் ஊட்டுக்கு வேற ஆளு இருக்குது. நாஞ் சொல்லலை, மொதலாளி சொல்றாரு. அவசரமில்ல, திங்கக்கெழம போடு. அதுக்குள்ள பாயைக் கூட்டியாந்து சும்மா சுரண்டிக் குடுக்கச் சொல்லு."

கரீமின் வீட்டு வாசலில் ஆறு தேக்சாக்கள் கவிழ்த்து வைத்திருந்தன. அவர் மனைவி சாயிரா பானு உட்காரச் சொல்லி டீ கொண்டுவந்தாள். காளிச்சாமி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். தாளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"அப்ப அது தைலமில்லை" என்றார் கரீம்.

"இல்லீங்க பாய்."

"நானும் பாத்தேன். தோட்டம் பூராத் திராட்சை. திராட்சையில எங்கடா தைலம் எடுக்கறாங்கன்னு நெனச்சேன். பணக்காரங்க எதுலயும் எடுப்பாங்கன்னு உட்டுட்டேன்."

"சாராயங் காச்சற சட்டிக்கு ரெண்டு நாளு உள்ள உக்காந்து பூசியிருக்கீங்க" என்றாள் சாயிரா பானு. "வந்து ராப்பூரா இருமுனாரு. தைலம் வாசம் நெஞ்சுக்கு நல்லதுன்னு நான் வேற சொன்னேன்."

காளிச்சாமி தரையைப் பார்த்தான். "ஈயத்தச் சுரண்டோணுமாமுங்க. மொதலாளி உங்களக் கூட்டியாரச் சொன்னாரு."

"தெரியாமச் செஞ்சது வேற. தெரிஞ்சு போய் அதுல கைவெக்க மாட்டனுங்க. மீதிக் கூலியும் வேண்டாம், அந்தக் காசு எனக்கு வேண்டாம்." கரீம் கொஞ்சம் யோசித்தார். "காளிண்ணா, ஒண்ணு மட்டும் கேக்கறேன். பூசச் சொன்னது அவருதானே? நானாப் போய் அவுங்க சட்டில ஒக்காரலையே?"

"இல்லீங்க."

"அது போதும். நம்ம கைவேலை கெட்டதுன்னு யாராவது சொன்னா நீங்க ஒரு வார்த்த சொல்லுவீங்கள்ல?"

"சொல்றனுங்க பாய்" என்றான் காளிச்சாமி. டீ ஆறிப் போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான்.

ஞாயிற்றுக்கிழமை தாளைப் பற்றிச் செல்லாத்தாளிடம் சொன்னான்.

"பாய்க்கு ஊரு பூராத் தேக்சா இருக்குது. நமக்கு இந்த ஒரு கொப்பரைதான் இருக்குது. நம்ம புள்ள வர்ஷினிக்கு முழுப்பரிச்ச முடிய இன்னம் ஒரு மாசம் கெடக்குது. போட்டுபோட்டு வாங்க."

"அவருகிட்டச் சொல்றேன்னு சொல்லிப்போட்டேன், அம்மணி."

"எங்கிட்ட ஊடு வாங்கித் தாரேன்னுகூடத்தான் சொன்னீங்க, கண்ணாலத்தன்னிக்கு."

திங்கட்கிழமை அவன் கையெழுத்துப் போட்டான். தாள் இங்கிலீஷில் இருந்தது. எங்கே போட வேண்டும் என்று பங்காரு விரல் வைத்துக் காட்டினான்.

கொப்பரையைச் சுரண்ட வேறு ஆள் வைக்கவில்லை. காளிச்சாமியே இறங்கினான். ஆள் நுழையும் அளவு வாய். உள்ளே நிமிர முடியாது. வெளியிலிருந்து செல்லாத்தாள் அரிக்கேன் விளக்கைக் காட்ட, மல்லாந்து படுத்தும் குத்தவைத்தும் இரும்புத் தகட்டால் சுரண்டினான். கரீமின் கைவேலை லேசில் விடவில்லை. நாலு நாளாயிற்று. ஐந்தாம் நாள் மணலும் புளியும் போட்டுத் தேய்த்தான். வெளியே வந்தபோது இமையெல்லாம் வெள்ளி ஒட்டியிருந்தது. துப்பினால் சாம்பல் நிறத்தில் வந்தது.

அந்த வாரமே, மண்டபத்துச் சமையல்காரர் தேக்சாக்களைக் கோட்டைமேட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார் என்று பங்காரு டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். மண்டபம் முதலாளியின் மச்சானுடையது. "இந்தாளு கைவேலையால எங்க மாமாவுக்கு லச்சக்கணக்குல நட்டம்னு அவரு சொல்லிப்போட்டாரு. அப்பறம் எவன் குடுப்பான்?" காளிச்சாமி அடுப்படியில் நின்று கேட்டான்.

துரை திரும்பி வந்த அன்று கொப்பரை நன்றாக வடித்தது. காளிச்சாமி முதலில் வருகிற காட்டமான சரக்கைத் தனியே பிடித்தான், நடுச்சரக்கைப் பிடித்தான், கடைசியில் ஈர வாடை தட்டுகிறபோது குழாயை மாற்றினான். துரை கடிகாரமும் காட்டம் அளக்கும் மானியும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். காளிச்சாமி குழாயை மாற்றிய அதே நொடியில் அவரும் கையைத் தூக்கினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். துரை ஏதோ சொல்லி அவன் தோளைத் தட்டினார்.

"இந்தக் கைவாகு எங்க தாத்தாகிட்டயிருந்து வந்தது" என்று கோவிந்தராஜுலு ஆங்கிலத்தில் சொல்லிக் கம்பளித் துண்டைச் சரிசெய்தார். அன்று இரவு கிளப்பில் விருந்து. கூட்டு முடிவாயிற்று. காக்னாக் என்ற பெயரை மட்டும் போடக்கூடாது, அது எங்கள் ஊருக்கே உரியது என்று துரை சொன்னாராம். விளம்பரப் புத்தகத்தை மறுபடி அச்சடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் விடியும் முன்பே பீப்பாய் நிரப்பும் வேலை. ஓஸ் குழாய் ஒருமுறை நழுவிக் காளிச்சாமியின் சட்டை, வேட்டியெல்லாம் சரக்கில் நனைந்தது. ஆறு பீப்பாய் நிரப்பி, அடைப்பு அடித்து முடித்தபோது பங்காரு வந்தான்.

"காளி, ஊட்டைக் காலி பண்ணிக் குடுத்துரு. இன்னைக்கே."

காளிச்சாமி சுத்தியலைக் கீழே வைத்தான். "கையெழுத்துப் போட்டனேங்க."

"அதுனாலதான் கண்ணு. இந்த ஈயக்காரனத் தேடிக் கூட்டியாந்தது நான்தான்னு நீயே எழுதிக் குடுத்திருக்கே. அந்தாளு இன்னமும் அங்க என்ன பண்றான்னு மெட்ராசுல கேக்கறாங்க. மொதலாளி என்ன பண்ணுவாரு?"

"அப்பிடி எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

"படிச்சுப் பாத்துத்தானே போடோணும்? மனசுல வெச்சுக்காத. இருவது நாள் சம்பளம் கவர்ல இருக்குது."

மாற்றுச் சட்டை எடுக்க நேரமில்லை. சேதி அதற்குள் லைன் வீட்டுக்கு எட்டி, துணிமூட்டையைச் செல்லாத்தாள் கட்டி முடித்திருந்தாள். துடியலூரில் அவள் தம்பி வீடு. இரண்டு மூட்டை, ஒரு டிரங்குப் பெட்டி, வர்ஷினியின் புத்தகப் பை. ஏழரை மணி டவுன் பஸ் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பூக்காரிகளுமாக நிரம்பியிருந்தது. செல்லாத்தாளும் பெண்ணும் முன்வாசலில் ஏறிவிட்டார்கள். காளிச்சாமி டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலில் கால் வைத்தபோது கண்டக்டர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஏனுங்க, காலங்காத்தால இப்பிடிக் குடிச்சுப்போட்டு வந்தா எப்பிடிங்க? பொம்பளப் புள்ளைக இருக்கற எடம்."

"நான் குடிக்கறதில்லீங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஜன்னலோரம் இருந்த ஒருவர் மூக்கை உறிஞ்சி, "சரக்கு ஒசத்திதானுங்க கண்டக்டரே, நம்ம ஊர்ச் சரக்கு இல்ல" என்றார். மறுபடியும் சிரிப்பு.

"சரி, உள்ளாறப் போயிராதீங்க. இங்கயே படியில நின்னுக்குங்க" என்று கண்டக்டர் விசில் ஊதினார். முன்னால் செல்லாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை. வர்ஷினி பார்த்தாள். பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத் தோழி எதுவும் கேட்பதற்குள் முகத்தை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டாள். காளிச்சாமி டிரங்குப் பெட்டியைக் காலிடுக்கில் வைத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பை முடிந்தவரை பஸ்ஸுக்கு வெளியே சாய்த்து நின்றான், காற்று வாசத்தைக் கொண்டுபோகட்டும் என்று.