கொடி அவரை

உள்ளங்கையில் கறுப்பாக உருண்டுகொண்டிருக்கின்றன, ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளையாக ஒரு கோடு, சந்தைக் கூச்சலுக்கு நடுவே விதைக்காரர் அவற்றை என் கையில் கொட்டிவிட்டு, இது கொடி அவரைங்க, பந்தல் போட்டா கூரையையே மூடிரும், எடமிருந்தா வாங்கிக்கங்க என்கிறார், பக்கத்தில் நிற்கிற என் கணவர் மதியழகன் அதைக் காதில் வாங்காதவர்போல வேறொரு டப்பாவைக் காட்டி, அது என்னங்க என்று கேட்கிறார், அது செடி அவரை, முழங்கால் உசரம், கொம்பு வேண்டாம், பந்தல் வேண்டாம், வெதச்சுட்டு மறந்துட்டாக்கூடக் காய்க்கும் என்கிறார் விதைக்காரர், அதையே குடுங்க என்று என் கணவர் சொல்லி முடிப்பதற்குள் நான், பட்டாணி இருக்குதுங்களா என்று கேட்டேன், வேண்டுமென்றேதான் கேட்டேன், இன்னும் கொஞ்ச நேரம் அந்த விதைகளைக் கையில் வைத்திருப்பதற்காக, பட்டாணியெல்லாம் ஏற்காட்டுக் குளிருக்குத்தான் வருமுங்க, பீன்ஸும் அப்படித்தான், நம்ம வெயிலுக்குப் பூவோட கருகிப்போயிரும், நமக்கு அவரை, தட்டை, கொத்தவரை அவ்வளவுதான் என்றார் விதைக்காரர், அப்போது என் கணவர் என் காதருகே குனிந்து, ஏம்புள்ள, கொடி போட்டா மதிலேறும், மதிலேறுனா வம்பு, செடியே போதும் என்றார், ஒரு விதையைத் தேர்ந்தெடுக்க அந்த மதிலிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது, அதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது.

மதில் என்று அவர் சொன்னது எங்கள் வீட்டுக்கும் நாச்சாயம்மாள் வீட்டுக்கும் நடுவே நிற்பதை, நாங்கள் மனை வாங்கி அஸ்திவாரம் தோண்டிய நாளில் அது இடுப்பளவுதான் இருந்தது, காலனியிலிருந்து வந்து அந்தத் தெருவில் வீடு கட்டிய முதல் குடும்பம் நாங்கள், எங்கள் சுவர் எழும்ப எழும்ப அந்த மதிலும் எழும்பியது, என் தலைக்கு மேலே போய் நின்றது, திருட்டுப் பயமுங்க என்றார் நாச்சாயம்மாள், சிரித்துக்கொண்டே சொன்னார், அவருக்கு எப்போதும் சிரிப்புத்தான், நான் சுகாதார செவிலி என்பதால் நர்சம்மா என்றுதான் கூப்பிடுவார், வாங்க போங்க என்பதற்குக் குறைவாக ஒரு வார்த்தை வராது, தன் பேத்திக்குத் தடுப்பூசி போட என்னை வரச்சொல்லி வாசற்படிக்கு வெளியே ஒரு நாற்காலி போடுவார், குழந்தையை என் மடியில் கிடத்துவார், உங்க கைதானுங்க நோவு தெரியாம போடுது என்பார், நான் எழுந்து வந்த பிறகு அந்த நாற்காலியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும், வெயிலுக்குச் சூடாகிவிட்டது போல என்று முதல் தடவை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், இரண்டாவது தடவை சொல்லிக்கொள்ளவில்லை.

கையில் விதைகள் உருளும்போது அப்பா வந்துவிட்டார், செத்துப் பல காலம் ஆன பிறகும் அவர் வருவது இப்படித்தான், எங்காவது அவரைக்காய் வாசம் அடித்தால் போதும், பண்ணையத்தில் ஏக்கர் கணக்கில் செடி அவரை, நாள் முழுக்க அவர் குனிந்தே பறிக்கிறார், தூரத்திலிருந்து பார்த்தால் காட்டில் முதுகுகள் மட்டும் தெரிகின்றன, அதில் எது அப்பாவின் முதுகு என்று நான் வரப்பில் உட்கார்ந்து தேடுகிறேன், பொழுது சாய்ந்ததும் பண்ணையக்காரர் வரப்பின்மேல் நிற்பார், அப்பா கீழே நின்று துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பார், மேலேயிருந்து அவர் கூலிக்குக் காயைக் கொட்டுவார், கை கையில் பட்டுவிடாத உயரத்திலிருந்து, பாதி துண்டில் விழும், பாதி மண்ணில் விழும், மண்ணில் விழுந்ததைப் பொறுக்க அப்பா மறுபடியும் குனிவார், ஒரு நாள் நான், ஏம்ப்பா கொஞ்சம் கிட்டத்துல போய்ப் புடிக்கலாமில்ல என்று கேட்டேன், அவர் என்னைப் பார்த்தார், வா சாமி, இருட்டுது என்றார், அவ்வளவுதான் அவர் சொன்னது, அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் அவரைக்காய்க் குழம்பு, எனக்கு அது தொண்டையில் இறங்கவே இல்லை.

கொடி அவரையே குடுங்க, நிறையக் குடுங்க என்று நான் சொன்னது சந்தைக்கே கேட்டிருக்கும், என் கணவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார், பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, நீ டூட்டிக்குப் போயிருவ, அந்தம்மா மொகத்துல முழிக்கறது நான்தான் என்றார், அவர் போக்குவரத்துப் பணிமனையில் மெக்கானிக், யாரோடும் சத்தம் போட்டுப் பேசாத மனிதர், வாடகைக்கு இருந்த வீடுகளிலெல்லாம் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர், சொந்த வீட்டிலாவது நிம்மதியாத் தூங்கோணும் புள்ள என்றார், தூங்குங்க, நான் எங்க வேண்டாம்ன்னேன், ஆனா நான் கொடிதான் போடுவேன், குனிஞ்சு பறிக்கற காய் இந்த வீட்டுக்குள்ள வேண்டாம் என்றேன், அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆடியில் ஊன்றினேன், மழை இறங்கியதும் அது வளர்ந்ததைச் சொல்லி மாளாது, காலையில் பார்த்த இடத்தில் சாயங்காலம் இல்லை, கொம்பைப் பிடித்தது, கயிற்றைப் பிடித்தது, துணி காயப்போட்ட கம்பியைப் பிடித்தது, ஒரு நாள் மதிலின் தலையையும் பிடித்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது, பனி விழத் தொடங்கியதும் ஊதாப்பூ, கொத்துக் கொத்தாக, அதன்மேல் வண்டுகள், அப்போதுதான் மதிலுக்கு அப்பாலிருந்து, நர்சம்மா, உங்க கொடி இந்தப் பக்கம் வருதுங்களே என்ற குரல், வந்தா வரட்டுங்க, உங்க பக்கம் காய்க்கறது உங்களுக்குத்தான், பறிச்சுக்கங்க என்றேன், அதெதுக்குங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, எங்க வூட்ல அவரைக்காய் ஆரும் திங்கறதில்லீங்க என்றார், மறுநாள் நான் வேலை முடிந்து வரும்போது அரிவாளால் அறுத்த கொடிகள் பூவும் பிஞ்சுமாக எங்கள் வாசலில் கிடந்தன, மதிலுக்கு மேலாக எறிந்திருக்கிறார், நான் அவற்றைப் பொறுக்கக் குனியவில்லை, வாடிச் சருகாகும்வரை அப்படியே கிடக்கவிட்டேன், அவற்றைத் தாண்டித்தான் போனேன் வந்தேன்.

பிறகு அந்தக் காலை, விடுமுறை நாள், காய்கறி வண்டிக்காரர் தெருவில் மணியடித்துக்கொண்டு வருகிறார், நான் வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு நிற்கிறேன், நாச்சாயம்மாள் வண்டியருகே நின்று முறத்தில் ஏதோ பொறுக்கிப் போடுகிறார், பச்சையாக, அகலமாக, ஓரத்தில் சிவப்புக் கரை ஓடிய அவரைக்காய், பிஞ்சாப் பாத்துப் போடுங்க என்று அதட்டுகிறார், எனக்குள் என்ன நடந்தது என்று இப்போதும் தெரியவில்லை, அப்பாவின் அந்தத் துண்டு கண்ணில் வந்து விரிந்தது, ஏனுங்க, உங்க வூட்லதான் அவரைக்காய் ஆரும் திங்கறதில்லையே என்று நான் கேட்டேன், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டேன், முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, இது மாட்டுக்குங்க நர்சம்மா என்றார், மாடு எங்கீங்க என்றேன், எதிர்வீட்டு வாசலில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள், வண்டிக்காரர் தராசைப் பார்த்துக்கொண்டே நின்றார், நாச்சாயம்மாள் முறத்தோடு உள்ளே போனார், கதவு அறைந்து சாத்தப்பட்டது, அவர் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன், கோலத்தைப் போட்டு முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

சாயங்காலம் நாச்சாயம்மாளின் மகன் தங்கமுத்து வந்தார், படியேறாமல் வெளியே நின்று, சார், அந்தக் கொடியை எடுத்துருங்க, மதில் ஈரமாகி ஊறுது, அம்மா வேற மனசு சங்கடப்படுது என்றார், நான் சமையலறையில் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், என் கணவர் எப்போதும்போல, செரிங்க, பாத்துக்கறேனுங்க என்று சொல்லப்போகிறார், அதன்பிறகு நான் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், அப்போது என் கணவரின் குரல், மெதுவாகத்தான், மதிலு உங்களுது, உங்க பக்கம் வந்தா வெட்டிக்கங்க, அது உங்க உரிமை, கொடி எங்க மண்ணுல நிக்குது, அதை எடுக்கச் சொல்லாதீங்க, மதிலை உசத்துனப்ப நாங்க வந்து கேட்டமுங்களா, எங்களுக்கும் அன்னைக்கு மனசு சங்கடமாத்தான் இருந்துச்சு, இப்படிச் சொன்னார், தங்கமுத்து என்ன முணுமுணுத்தார் என்று கேட்கவில்லை, கேட் சாத்துகிற சத்தம் கேட்டது, என் கணவர் உள்ளே வந்து சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார், பாதி சட்டையில் வழிந்தது, என்னைப் பார்க்கவில்லை, பந்தலைச் செரியாப் போடோணும் புள்ள, கயித்துல தாங்காது என்றார்.

அடுத்த ஞாயிறு முழுக்க அவர் பழைய இரும்புக் குழாய்களை அறுத்துப் பற்றவைத்தார், மதிலைவிட ஓர் ஆள் உயரம் மேலே பந்தல் எழும்பியது, எங்கள் எல்லைக்குள், ஒரு சாண் கூட அந்தப் பக்கம் நீளாமல், மதிலில் படர்ந்ததையெல்லாம் பிரித்து மேலே ஏற்றிவிட்டோம், வெட்டுப்பட்ட இடங்களிலிருந்து இரண்டு இரண்டாகத் துளிர்த்தது, மத்தியானம் அதன் கீழே கட்டில் போட்டுக் கண்ணயர்ந்தால் அப்பா வந்து நிற்கிறார், துண்டை விரிக்கிறார், காய்கள் விழுகின்றன, மேலே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன், யாருமில்லை, வெறும் கொடி, எல்லாமே துண்டில் விழுகின்றன, விழித்தால் அவர் இல்லை, இலைகளுக்கு நடுவே வெயில் மட்டும், தை பிறந்தபோது பந்தலில் இலையைவிடக் காய் அதிகம், காலனிக்குக் கொடுத்தேன், அங்கன்வாடிக்குக் கொடுத்தேன், எதிர்வீட்டுப் பெண் ஒரு நாள் தானே வந்து கூடையை நீட்டினாள், அவள் கூடையில் நான் என் கையாலேயே அள்ளிப் போட்டேன், கடைசிப் பிடியை அவளும் கையாலேயே வாங்கினாள்.

இப்போதும் ஏணிமேல் நின்றுதான் பறித்துக்கொண்டிருக்கிறேன், மதிலுக்கு மேலே என் இடுப்பு வரை தெரியும், மடி நிறைந்து கனக்கிறது, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு என் கணவர், அந்தப் பக்கம் வாசலில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த நாச்சாயம்மாள் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார், நர்சம்மா, உங்க பந்தல் நெழலு எங்க வாசல்ல உழுவுதுங்க, வடகம் காய மாட்டேங்குது என்கிறார், பழைய சிரிப்பு பாதி திரும்பியிருந்தது, நான் எட்டாத ஒரு கொத்தை எட்டிப் பிடித்துக்கொண்டே சொன்னேன், அரிவாள் வெச்சிருக்கீங்கல்ல, நெழலையும் வெட்டிக்கங்க.