வாரில் போட்ட வெள்ளைக் கோடு

பாட்டு முடிந்ததும் குழுத் தலைவன் யார்மோ சொன்ன முதல் வார்த்தை, "இறக்கு."

நன்றாக வாசித்தாய் என்று ஒரு சொல் கிடையாது. புயலாக ஓடும் அந்தப் பாட்டின் நடுவில் மற்ற எல்லாம் நின்றுபோய், பேஸ் கிட்டார் மட்டும் தனியே பறக்கும் இடம் ஒன்று உண்டு. எட்டு வருஷமாகத் தைனாவின் கைக்குச் சிக்காமல் போக்குக் காட்டிய இடம். இன்றைக்குத்தான் ஒரு சுரம்கூடப் பிசகாமல் வந்திருக்கிறது. அவளுக்கே நம்ப முடியவில்லை. இந்த மகானுபாவன் என்னடாவென்றால் கிட்டாரை இறக்கு என்கிறான்.

"எங்க இறக்குறது? கண்ணு தெரியுதா உனக்கு?" தைனா தன் வயிற்றைக் காட்டினாள். ஏழாவது மாதம். பேஸ் அந்த மேட்டின்மேல் ஏறி உட்கார்ந்து அவள் மார்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வயிற்றுக்குக் கீழே தொங்கவிட்டுப் பார்த்தாள், கை எட்டவில்லை. நேராக விட்டால் வழுக்கிக்கொண்டு ஓடியது. வேறு வழியில்லாமல்தான் தோள் வாரைச் சுருக்கி மேலே ஏற்றினாள்.

"தெரியுது. அதான் பாக்கச் சகிக்கலை. முதியோர் இல்லத்துல அக்கார்டியன் வாசிக்க வந்தவ மாதிரி இருக்கே."

மூலையில் ஓஸ்கு டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து, பூக்கோ என்கிற பின்லாந்துக் கத்தியால் தொத்திறைச்சியைத் துண்டு போட்டுக் கடுகுச் சாந்தில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை. தின்னத் திறந்ததோடு சரி.

பின்லாந்தில் தடுக்கி விழுந்தால் ஒரு மெட்டல் குழுவின் மேல்தான் விழவேண்டும். தம்பெரே நகரத்தில் கேட்கவே வேண்டாம். அடுக்குமாடிக்கு அடியில், போர் வந்தால் பதுங்குவதற்கென்று கட்டிய அறையில் இந்த மூன்று பேரும் வாரம் தவறாமல் ஒத்திகை பார்க்கிறார்கள். யார்மோதான் பாடுவான், கிட்டார் வாசிப்பான், சட்டமும் போடுவான். முதல் சட்டம், கிட்டார் முழங்காலில் தொங்க வேண்டும். மேலே ஏற்றிக் கட்டுகிறவன் ஜாஸ் வாத்தியார், அவனுக்கு இங்கே வேலையில்லை. தைனா சேர்ந்த வாரமே, அவளுடைய தோல் வாரில் கடைசித் துளைக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டான். பெல்ட் மாதிரி பக்கிள் போட்ட வார் அது. பக்கிள் அந்தக் கோட்டில்தான் நிற்க வேண்டும்.

அவள் அப்போதே சொன்னாள். அவ்வளவு கீழே போனால் மணிக்கட்டு மடிந்துவிடுகிறது, விரலை விரிக்க முடியவில்லை என்று. அதற்கு அவன், "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்," என்று சொல்லிச் சிரித்தான். அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது, "உன் விரல் மெதுவு, நீ வீட்டுக்குப் போ," என்று அனுப்பிவிட்டு, அந்த இடத்தைத் தானே வாசித்து இசைத்தட்டில் சேர்த்தான். அதன்பிறகு மேடையில் தைனா அதைப் பாதியாகக் குறைத்துத்தான் வாசித்தாள். ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் எவனாவது வந்து, "ரெக்கார்டுல வேற மாதிரி இருக்குமே," என்பான். தன் விரலுக்கு அவ்வளவுதான் வக்கு என்று அவளும் நம்பிவிட்டாள்.

"சனிக்கிழமை வாப்பு, மே தின விழா," யார்மோ சொன்னான். "இந்த ஊர்லயே பெரிய மேடை. இப்படி ஒரு மேடை நமக்குக் கிடைச்சதில்லை. போஸ்டர்ல கிட்டார் முழங்கால்ல, மேடைல நெஞ்சுலன்னா சிரிப்பாங்க. லாஹ்தி ஊர்ல பேஸ் வாசிக்கிற ஒருத்தன்கிட்ட பேசிட்டேன். இந்த ஒரு தடவை அவன் வாசிக்கட்டும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

தைனாவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. "பேசிட்டியா? என்கிட்ட சொல்லாமலே பேசிட்டியா?"

"சொல்லத்தானே வந்தேன்."

"என் நல்லதை நான் பாத்துக்குவேன். நீ ஒண்ணும் தாங்கவேணாம். மேல தூக்கின அன்னிக்கே அந்த இடம் வந்துடுச்சு, கேட்டியா இல்லையா? எட்டு வருஷமா என் விரல்மேல பழி போட்டே. குத்தம் விரல்ல இல்லடா, உன் கோட்டுல."

"ஏதோ இன்னிக்குக் குருட்டாம்போக்குல வந்துடுச்சு. ரெக்கார்டுல நான் வாசிக்கலையா? எனக்கு மட்டும் எப்படி வந்துச்சாம்?"

"உக்காந்து வாசிச்சே," என்றான் ஓஸ்கு.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவன் இன்னொரு துண்டைக் கடுகில் தோய்த்தான். "நாற்காலியில உக்காந்து. தொடைமேல வச்சு, நெஞ்சோட அணைச்சு. நின்னு வாசிச்சப்ப உனக்கும் வரலை. அப்புறந்தான் நாற்காலி கேட்டே."

யார்மோவின் காது சிவந்தது. அதைப் பார்த்ததும் ஓஸ்கு சொன்னது அத்தனையும் உண்மை என்று தைனாவுக்குத் தெரிந்துவிட்டது. அடப்பாவி. உட்கார்ந்தால் கிட்டார் தானாக மேலே வந்துவிடும். இவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே கோட்டையும் அழிக்காமல், விரல் மெதுவு என்று வாய்கூசாமல் சொல்லியிருக்கிறான்.

"நீயும் எட்டு வருஷமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?" என்று அவள் ஓஸ்குவின்மேல் பாய்ந்தாள்.

"யாரும் கேக்கலை," என்றான் அவன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லியிருக்கணும்," என்றான்.

தைனா பேஸைக் கழற்றினாள். பக்கிளை வெள்ளைக் கோட்டுக்கு இறக்கி, யார்மோவின் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள். "மாட்டிக்கோ. நின்னுக்கிட்டு வாசி. ஒரே ஒரு தடவை பிசகாம வாசிச்சுட்டா, லாஹ்திக்காரனை நானே ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

மறுத்தால் மானம் போய்விடும் என்று மாட்டிக்கொண்டான். பேஸ் முழங்காலில் தொங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆரம்பம் பரவாயில்லை. விரலை விரித்துத் தாவ வேண்டிய இடம் வந்ததும் மணிக்கட்டு மடிந்தது, சுண்டுவிரல் எட்டாமல் கம்பி கரகரத்தது. மறுபடி தொடங்கினான். அதே இடத்தில் அதே கரகரப்பு. மூன்றாம் தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டான்.

"கம்பி தடிமனா இருக்கு. இந்தக் குளிர்ல கை விறைச்சுப்போச்சு," என்றான்.

"மேடை கோணலா?" என்று கேட்டான் ஓஸ்கு.

தைனா சிரிக்கவில்லை. ஜெயித்தால் இனிக்கும் என்று நினைத்திருந்தாள், ஒன்றும் இனிக்கவில்லை. எத்தனை கச்சேரி முடிந்து, எவன் முகத்தையும் பார்க்காமல் பின்வாசல் வழியாகப் போயிருக்கிறாள். அதையெல்லாம் யார் திருப்பித் தருவது? பேஸை அவன் தோளிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கினாள்.

யார்மோ தொண்டையைச் செருமினான். "சரி விடு. சனிக்கிழமை நீயே வாசி. எப்படி வேணா போட்டுக்கோ." அதோடு நிறுத்தியிருந்தால் மனுஷன். "ஆனா குழந்தை பொறந்ததும் பழையபடி கோட்டுக்கு வந்துடணும், என்ன?"

இவனைத் திருத்த முடியாது. தைனா வாரைத் தோளில் போட்டு, தான் ஏற்றி வைத்திருந்த துளையிலேயே பக்கிளைக் குத்தினாள். பக்கிளைத் தாண்டி, மிச்சத் துளைகளும் வெள்ளைக் கோடுமாக வாரின் வால் நாய் நாக்குப் போலத் தொங்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓஸ்கு எழுந்தான். பூக்கோவில் ஒட்டியிருந்த கடுகைத் தன் கால்சட்டையில் துடைத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினான்.

தோல் தடிமன்தான். ஆனால் ஓஸ்கு கத்தியை எப்போதும் தீட்டித்தான் வைத்திருப்பான். இரண்டு இழுப்பில் வால் அறுந்தது. தைனா அதைத் தொத்திறைச்சித் தட்டில், மிச்சமிருந்த துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இனிமே இது இறங்காது," என்றாள். "லாஹ்திக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு. ஓஸ்கு, எண்ணு. முதல்லேர்ந்து."

யார்மோ தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். ஓஸ்கு குச்சிகளைத் தட்டி நாலு எண்ணினான்.