எங்கள் பெயரில் யாரோ

காலையில் மெயிலைத் திறந்தேன். முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை. எங்கள் அலுவலகத்தில் இது நடக்காத காரியம். வீட்டில் அடி வாங்கும் பெண்கள் உதவி கேட்டு எழுதுகிற முகவரி அது.

“ஊர்ல எல்லாப் புருஷனும் ஒரே ராத்திரியில திருந்திட்டாங்கபோல அண்ணி,” என்றாள் நாத்தனார். அலுவலகத்தில் நாங்கள் இரண்டே பேர். அவள் வாய்க்குப் பயந்தே பாதிப் புருஷன்கள் திருந்தியிருக்க வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சொந்த மெயிலிலிருந்து அந்த முகவரிக்கு ஒரு வரி அனுப்பினேன். அது திரும்பியும் வரவில்லை, வந்தும் சேரவில்லை. அப்படியானால் வேறு யாரிடமோ போயிருக்கிறது.

உடனே எங்களிடம் உதவி கேட்டு வந்த தையல்காரியின் ஞாபகம் வந்தது. கைக்குழந்தையோடு அவளை முந்தாநாள் பஸ் ஏற்றிவிட்டவள் நான்தான். எந்த ஊரில் இறங்குவாள் என்பது எனக்கும் தெரியாமல் இருப்பதே நல்லது என்று கேட்டுக்கொள்ளவில்லை. சிம்மைத் தூக்கி எறி, போய்ச் சேர்ந்ததும் மெயில் மட்டும் போடு, நானாகக் கேட்கும்வரை இடத்தை எழுதாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். எங்கள் மெயில் முகவரியை அவள் போனில் பார்த்துவிட்டுத்தான் அவள் புருஷன் போன மாதம் அவள் கையை ஒடித்தான்.

இணையத்தில் எங்களுக்கான பெயரை, அதாவது டொமைனை, ஆச்சுவிடம் வாங்கியிருந்தோம். பெரிய கம்பெனியிடமிருந்து எடுத்து எங்களைப் போன்றவர்களுக்குச் சில்லறையாக விற்பவன் அவன். எதைக் கேட்டாலும் “ஆச்சுன்னு வெச்சுக்கங்கக்கா” என்பான். அதையே பெயராக வைத்துவிட்டோம். அவன் போன் அணைந்து கிடந்தது. கடைக்கு ஓடினால் ஷட்டர் இறங்கியிருந்தது.

“கடையைக் காலி பண்ணி ஒரு மாசமாச்சும்மா. ஆளு கம்பி நீட்டிட்டான்,” என்றார் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர். மூடுகிறேன் என்று ஒரு வார்த்தை எங்களுக்குச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

நடைபாதையில் நின்றே பெரிய கம்பெனிக்குப் போன் போட்டேன். பேசிய பெண் நிதானமாகச் சொன்னாள்:

“அந்தப் பேரு உங்க பேர்ல இல்லைங்க மேடம். கடைக்காரர் பேர்ல இருந்துச்சு. நேத்து மதியம் அவரே வேற ஒருத்தருக்கு மாத்திக் குடுத்திருக்காரு.”

“யாருக்கு?”

“அதை நான் சொல்லக் கூடாதுங்க.”

டொமைன் யாருடையது என்று யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாமாம். அதற்குப் பயந்துதான் எங்கள் பெயர் எங்கும் வேண்டாம், உன் பெயரிலேயே போடு என்று ஆச்சுவிடம் சொல்லியிருந்தோம். எங்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, விலாசம் கிடையாது. ஒளிந்துகொள்வதில் நாங்கள் கெட்டிக்காரிகள். இப்போது எங்கள் பெயர் எங்களுடையதுதான் என்று காட்ட ஒரு துரும்புகூடக் கையில் இல்லை.

“கடையை மூடினவங்ககிட்ட வாங்கினவங்களைக் காப்பாத்த எங்ககிட்ட வழி இருக்குங்க,” என்றாள் அந்தப் பெண். “ஆனா இது உங்களுதுன்னு அந்தக் கடைக்காரரே சொல்லணும்.”

ஆச்சுவின் மனைவியும் நாத்தனாரும் ஒன்றாகப் படித்தவர்கள். வீடு தெரியும். ஆட்டோ பிடித்துப் போனோம். 

அவன் மனைவி சங்கிலியை எடுக்காமல் கதவை லேசாகத் திறந்தாள். “அவரு ஊர்ல இல்லைங்க.”

உள்ளே யாரோ இருமினார்கள்.

“ஊர்ல இல்லாதவரு நல்லா இருமுறாருடி. மருந்து வாங்கிக் குடு,” என்றாள் நாத்தனார். “நாங்க கடன்காரங்க இல்லை. கதவைத் திற.”

ஆச்சு வந்தான். முகத்தில் தாடி மண்டிக் கிடந்தது. சட்டையைப் பிடித்து நாலு அறை விடத்தான் வந்திருந்தேன். அவன் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்ததும் அதுகூட முடியவில்லை.

“நீங்க அமைப்பை மூடிட்டதா வாங்க வந்தவரு சொன்னாருக்கா. உங்க ஆளுதான்னு நெனச்சேன். ரொம்ப மரியாதையாப் பேசினாரு. பொண்ணுங்களுக்கு நல்லது செஞ்ச பேரு வீணாப் போகக் கூடாதுன்னாரு.”

“உங்கிட்ட எத்தனையோ பேரு இருந்துச்சே. எங்க பேரை மட்டுமா கேட்டான்?”

“ஆமாக்கா. அது ஒண்ணைத்தான் கேட்டாரு.”

 நாத்தனார் என்னைப் பார்த்தாள். யார் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது, வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியம் இல்லை.

ஆச்சு கம்பெனிப் பெண்ணிடம் பேசினான். அவள் கேட்ட ரகசியக் கேள்விக்கெல்லாம் திக்கித் திக்கிப் பதில் சொன்னான். இது அக்காவுடையது, விற்க எனக்கு உரிமையில்லை என்று அவன் சொன்னபோது அவன் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். கம்பெனிப் பெண் எங்களைக் காத்திருக்கச் சொன்னாள். காத்திருந்தோம்.

“பூட்டிட்டேன் மேடம். இனிமே அவரால ஒண்ணும் செய்ய முடியாது. மெயில் உங்களுக்கே வரும். ஆனா நேத்துலேருந்து இப்ப வரைக்கும் அங்க போனதை எங்களால திருப்ப முடியாதுங்க.”

அவளுக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. ஆச்சுவின் கூடத்தில் உட்கார்ந்து போனையே வெறித்துக்கொண்டிருந்தோம். முதலில் வந்தது தையல்காரியின் மெயில்தான். “வந்துட்டா அண்ணி, உசுரோட இருக்கா!” என்று நாத்தனார் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். திறந்தேன்.

“அக்கா, நல்லா இருக்கோம். பாப்பா தூங்குறா. நேத்து நீங்க கேட்டதுமே அட்ரஸ் அனுப்பிட்டேன். கிளம்பிட்டேன்னு எழுதியிருந்தீங்க, இன்னும் காணோமே. வழி தெரியலையா?”

நான் கேட்கவே இல்லை.

“போலீசைக் கூப்பிடுங்க அண்ணி!” என்று கத்தினாள் நாத்தனார்.

எந்த ஊர்ப் போலீசை? எந்தத் தெருவுக்கு வரச் சொல்வது? அவள் இருக்கும் இடம் எங்களுக்குத் தெரியாது. அவள் புருஷனுக்குத் தெரியும்.

யார் தட்டினாலும் திறக்காதே, அது நானில்லை என்று எழுதி அனுப்பினேன். அடுத்ததை எழுத விரல் ஓடவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டியிருந்தது. உன் அட்ரஸை எனக்கு அனுப்பு என்று எழுதினேன். நேற்று அவனும் இதே முகவரியிலிருந்து இதைத்தான் எழுதியிருப்பான்.