மாடிப்படி மூலை

முப்பத்தொரு வருட அரசு வேலையில் நான் ஒரு டீகூட ஓசியில் குடித்ததில்லை. தென்காசியில் எங்கள் அலுவலகம் எது என்று சொல்ல மாட்டேன். அங்கே இப்போது இருப்பவர்களுக்குச் சங்கடம். ஆனால் அங்கே போய் நாறும்பூநாதன் எப்படி என்று கேட்டால், "கறை படாத கை" என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தவன் நான். கை சுத்தம்தான். வாய்தான் அப்படி இல்லை.

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு புகையிலை. முற்பகலில் இரண்டு தடவை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு தடவை. முதல் மாடிக்குப் போகும் படி திரும்புகிற இடத்தில் ஒரு மூலை உண்டு. மென்று முடித்ததும் அங்கே போய்த் துப்புவேன். நான் மட்டுமல்ல, மனு கொடுக்க வருகிறவர்கள், ஜீப் ஓட்டுநர்கள், எங்கள் ஆட்களிலேயே நாலைந்து பேர். யார் தொடங்கி வைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு மூலை சிவந்திருந்தால், துப்புவதற்கென்றே அதை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நமக்கு ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. கடையநல்லூரிலிருந்து வரும் தட்டச்சர் பர்சானா அந்த இடம் வந்ததும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறிவிடுவாள். அதைப் பார்த்து நான் சிரித்ததும் உண்டு. வெட்கங்கெட்ட சிரிப்பு.

அந்த மூலையைக் கழுவியவள் பேராச்சி. இலஞ்சிக்காரி, நாற்பது வயது இருக்கும். ஒப்பந்தத்தில் எடுத்த தூய்மைப் பணியாளர். புருஷன் இறந்துபோனான், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள், வீட்டில் அவள் ஒருத்தியின் சம்பாத்தியம்தான். காலை ஏழரைக்கே வந்து, சோப்புத்தூளும் எலுமிச்சைத் தோலும் தேங்காய் நாருமாகக் குந்தி உட்கார்ந்து தேய்ப்பாள். நாங்கள் பத்து மணிக்கு வரும்போது மூலை வெள்ளையாக இருக்கும். பதினொரு மணிக்கு நான் போய் அதைப் பழையபடி ஆக்கிவிடுவேன். பதினோரு வருடம் இப்படியே நடந்தது. ஒரு நாள்கூட அவள் எங்களில் யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாததால் அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்று நான் வசதியாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. மேலதிகாரிகளுக்கு வருடம் முழுக்க எங்கள் ஞாபகமே இருக்காது. ஆனி பிறந்து, குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறது என்று டிவியில் காட்டினால் போதும், ஆய்வுக்கு நாள் குறித்துவிடுவார்கள். ஆய்வு அரை நாள், அருவி ஒன்றரை நாள். இந்த வருடம் சென்னையிலிருந்து ஓர் இணை இயக்குநர் அம்மா வருவதாகக் கடிதம் வந்தது. எங்கள் கண்காணிப்பாளர் செல்லப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தங்குமிடம், ஐந்தருவிக்குக் கார், வாங்கிக்கொண்டு போக மங்குஸ்தான் பழம் எல்லாவற்றையும் என் தலையில் கட்டினார். மூலையைப் பேராச்சி தலையில் கட்டினார்.

"ஏம்மா, திங்கக்கெழம அந்த அம்மா வாராவ. மூலையில ஒரு பொட்டு செவப்பு கெடந்தாலும் கான்ட்ராக்டர்ட்ட சொல்லி வேற ஆளப் போட்டுருவேன். பெறவு வந்து அழக்கூடாது, பாத்துக்க," என்றார், எங்கள் எல்லோர் முன்னாலும்.

"சரி சார்," என்றாள் பேராச்சி.

துப்புகிறவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றோம். யாரும் வாய் திறக்கவில்லை. என் வாயில் அப்போதும் வெற்றிலை இருந்தது.

மறுநாள் புதன்கிழமை. சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, வாய் நிறைந்ததும் வழக்கம்போலப் படியிறங்கினேன். மூலையில் பேராச்சி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கழுவிய தரையில் ஒரு செய்தித்தாளை விரித்து, அதன்மேல் டிபன் பாக்ஸ். ரசம் சோறு, ஓரத்தில் கொஞ்சம் துவையல். சாய்ந்திருந்தது நான் துப்புகிற சுவரில்.

நான் நின்றேன். வாயைத் திறந்து எதுவும் கேட்கவும் முடியாது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சைக்கிள் ஸ்டாண்டுல சாரல் அடிக்கு அண்ணாச்சி. சோத்துல தண்ணி தெறிக்கு. அதான் இங்கன உக்காந்துட்டேன்," என்றாள். அப்புறம்தான் என் கன்னம் உப்பியிருப்பதைக் கவனித்தாள். டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தாள். "நீங்க துப்பிக்கிடுங்க."

பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுகிற மாதிரித்தான் சொன்னாள். அதில் கேலி இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். பதிலுக்கு ஒரு முறைப்பு முறைத்துவிட்டுத் துப்பியிருப்பேன்.

விழுங்கிவிட்டேன். புகையிலைச் சாறு முழுவதையும்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. வேர்த்துக் கொட்டியது. மாடிப்படி சுற்றியது. கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்து, அந்தப் படியிலேயே வாந்தி எடுத்தேன். பேராச்சி சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டு, கையைக் கழுவி, தான் குடிக்கக் கொண்டுவந்திருந்த மோரை என் வாயில் ஊற்றினாள். என் முகத்தைத் துடைத்தாள். படியையும் அவள்தான் கழுவினாள். மாடியில் எங்கள் சாப்பாட்டு அறையில் எட்டுப் பேர் உட்காரும் மேசை இருக்கிறது. பாதி எப்போதும் காலி. பதினோரு வருடத்தில் "மழையில ஏன் நிக்க, மேல வந்து சாப்பிடு" என்று ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் வாழ்நாளில் வந்ததில்லை.

வியாழனும் வெள்ளியும் அவள் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். வாய் நிறையச் சாற்றோடு வந்தவர்கள் அவளைப் பார்த்ததும் திரும்பி வாசலுக்குப் போனார்கள். சோறு தின்கிற இடம் என்று மனசில் விழுந்துவிட்ட பிறகு அவள் இல்லாத நேரத்திலும் துப்ப முடியவில்லை. மூன்று சுற்றறிக்கை போட்டும் நடக்காத காரியத்தை ஒரு டிபன் பாக்ஸ் ரசம் சோறு நடத்திவிட்டது. யோசித்துச் செய்தாளா, சாரலுக்கு ஒதுங்கினாளா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. எதுவாக இருந்தாலும் அவளை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு இணை இயக்குநர் வந்தார். எல்லோருக்கும் கடைசியாக மாடியிலிருந்து ஓடி இறங்கிய செல்லப்பா முன்னால் வழிகாட்டிக்கொண்டு ஏற, நாங்கள் பின்னால் ஏறினோம். படி திரும்பியதும் அந்த அம்மா நின்றுவிட்டார். வெள்ளைச் சுவரில் பளிச்சென்று ஒரு சிவப்பு. இன்னும் காயவில்லை, வழிந்துகொண்டிருந்தது.

"என்ன இது?" என்றார்.

"கழுவுத பொம்பள சரியில்ல மேடம். இன்னைக்கே மாத்திருதேன்," என்றார் செல்லப்பா. கீழே வாளியோடு நின்ற பேராச்சியைப் பார்த்துத் திரும்பினார். "நீ நாளைலருந்து வராண்டாம்."

பேராச்சி வாளியை மெதுவாகத் தரையில் வைத்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை.

"மேடம், துப்புனது நான்தான்," என்றேன்.

புதன்கிழமைக்குப் பிறகு நான் வெற்றிலையைத் தொடவில்லை. அந்த ஒன்று என்னுடையது இல்லை. அதற்கு முந்தியதெல்லாம் என்னுடையது.

அந்த அம்மா என் பல்லைப் பார்த்தார். வேறு சாட்சி தேவைப்படவில்லை. "எழுதிக் கொடுப்பீங்களா?"

"கொடுக்கேன் மேடம்."

"அப்ப அந்தம்மாவை ஏன் நிறுத்தறீங்க?" என்று செல்லப்பாவிடம் கேட்டார். "அவங்க இருக்கட்டும். இவருக்கு மெமோ குடுங்க."

அது மெமோவோடு நிற்கவில்லை. ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருக்கும்போது, என் பணிப்பதிவேட்டில் 'அலுவலகச் சுவரை அசுத்தப்படுத்தியமைக்காகக் கண்டனம்' என்று ஒரு வரி ஏறியது. முப்பத்தொரு வருடத்தில் முதல் கறை. என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. எனக்கென்னவோ, அந்தப் பதிவேட்டிலேயே என்னைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதியது அந்த ஒரு வரிதான்.

ஆய்வு முடிந்த அன்று சாயங்காலம் எல்லோரும் அந்த அம்மாவோடு ஐந்தருவிக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு மூலையில் குந்தினேன். கறை பரவியதே தவிரப் போகவில்லை. பேராச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்படித் தேய்ச்சா பெயிண்டுதான் உரியும். குடுங்க இப்படி." நாரை வாங்கி இரண்டு தேய்த்தவள், சுவரைப் பார்த்துக்கொண்டே, "இது உங்களுது இல்லலா," என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுது வலது பக்கம், முழங்கால் ஒசரத்துல விழும். போயில போடுததால கறுத்துப் போவும். இதுல ஏலக்கா கெடக்கு, பாருங்க. ஏலக்கா போடுதவரு செல்லப்பா சார் ஒருத்தருதான். பதினோரு வருசமா தேய்க்கேன், எது யாருதுன்னு தெரியாதா?"

பதினோரு வருடமும் தெரிந்துதான் என்னைத் தினமும் "வாங்க அண்ணாச்சி" என்றிருக்கிறாள்.

"அப்ப காலையிலயே அந்த அம்மாட்ட சொல்லியிருக்கலாம்லா? உன் வேல போக இருந்துச்சே."

பேராச்சி நாரை வாளியில் அலசிப் பிழிந்தாள்.

"நான் சொன்னா யாரு கேப்பா?" என்றாள். "நீங்க பொய்யே சொன்னாலும் கேக்காவ."